இரட்டை மயிலை மூன்றணாவுக்கு விற்றேன்

என் வயசுக்காரர்களே, உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள் நான். இன்று ராசிபுரத்தில் என் ஷெட்டில் நாற்பது விசைத்தறி ஓடுகிறது. பாங்கிக்காரர் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். கரண்டு பில்லில் தப்பு என்றால், நான் ஆபீஸ் படி ஏறுவதற்குள் திருத்தி வைத்திருப்பார்கள். "அந்தம்மாளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று என் காதுபடவே பேசுகிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டைக் காலத்தில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கோடை முழுக்க நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். படுக்கும்போது பயம், எழும்போது பயம், சோற்றில் கை வைத்தால் பயம். அதை எழுதப்போகிறேன். எழுத்துப்பிழையை ஷெட் மானேஜர் திருத்துவார். நடந்ததைத் திருத்தக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நூல் கட்டின் மேல் ஒட்டி வரும் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து ராத்தல் கட்டு, நீலக் காகிதம் சுற்றி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம். மில்லுக்கு ஒரு படம், நூல் நம்பருக்கு ஒரு படம். அதைத்தான் நாம் மார்க்கு என்போம். அம்பாரி யானை, ரயில் வண்டி, கிளியோடு நிற்கிற வெள்ளைக்காரச்சி, குழலூதும் கிருஷ்ணன். எல்லாவற்றுக்கும் மேலே இரட்டை மயில். அது அறுபதாம் நம்பர் நூலின் மார்க்கு. சன்ன நூல், பட்டுப் போல இருக்கும். மயில் தோகையில் நிஜமான பொன் மை. விரலால் தேய்த்தால் ரேகையில் ஒட்டும், மோந்து பார்த்தால் காசு வாசனை வரும்.

மார்க்கைக் கிழியாமல் எடுக்க எனக்குத்தான் தெரியும். மற்றப் பிள்ளைகள் எச்சில் தொட்டு உரித்து, யானைக்குத் தும்பிக்கை இல்லாமல் பண்ணிவிடுவார்கள். நான் காகிதத்தைப் படம் கீழே இருக்கும்படி தறிக்குழியின் ஈர மண்மேல் விரித்து, மேலே நனைத்த துணியைப் போட்டு, ஒரு பகல் விட்டுவிடுவேன். சாயங்காலம் தொட்டால் தானாகக் கழன்று வரும். நூற்று நாற்பது மார்க்குச் சேர்த்து வைத்திருந்தேன். தெருவில் எவனிடமும் அறுபதைத் தாண்டவில்லை. பொறாமையில் களவு போகும் அல்லவா, அதனால் ஒவ்வொன்றிலும் கண்ணில் ஒரு ஊசி ஓட்டை போட்டு வைத்தேன். யானையானால் யானைக் கண், மயிலானால் மயில் கண். வெயிலில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும்.

முக்கால்வாசி மார்க்கை எனக்குக் கொடுத்தது அத்தை. அப்பாவுக்குச் சித்தப்பா மகள். புருஷன் பட்டாளத்துக்குப் போனவன் காகிதம் போடவே இல்லை. வீடு வீடாகப் போய், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் தாரில் ராட்டையால் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். நூல் கட்டு பிரிக்கிற வீட்டில் காகிதத்தை அவள் எடுத்துக்கொள்வாள், அடுப்பெரிக்க. மார்க்கு மட்டும் எனக்கு. என் ஊசி ஓட்டை ரகசியம் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். வாசலில் நின்றுகொண்டே கத்துவாள்.

"மருமவளே! மயிலு ரெண்டு வந்திருக்குது. ஊட்டுக்குள்ள விடுவியா, தவிடு போட்டுத்தான் கூப்புடுவியா?"

சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். தெருவில் பலருக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. புருஷன் இல்லாதவளுக்கு என்ன சிரிப்பு என்பார்கள்.

இனி விற்ற கதை. இதைக் கல்யாணப் பந்தியில் நான் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சந்தைக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் ஒருவர் வருவார். சாமி படமாக இருந்தால் மார்க்குக்கு ஒரு அணா தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. பொறுத்தேன். அடுத்த வாரமே தொப்பி போட்ட ஒருவர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. சேலத்தில் ஒரு துரைசானி படம் சேர்க்கிறாள், ஆல்பத்தில் ஒட்டுவதற்கு என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். யானையைப் பார்க்கவில்லை, கிருஷ்ணனைப் பார்க்கவில்லை. விரல் நேராக மயிலுக்குப் போனது.

"இது எத்தனை இருக்கு பாப்பா?"

"இருவத்தி ஒண்ணுங்க."

"ஒண்ணுக்கு ஒன்றரை அணா தரேன்."

"சட்டக்கடைக்காரரு ரெண்டரை அணா தாரேனுட்டாருங்க."

பச்சைப் பொய். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் டப்பா மூடியைச் சாத்தினேன். சாத்தினதும் மூன்றணா என்றார். ஓரம் மடங்காத பதினெட்டை எடுத்துக்கொண்டு, மூன்று ரூபாய் ஆறணாவை என் கையில் எண்ணி வைத்தார். அப்பா பத்து நாள் நெய்தால் வருகிற கூலி. அந்த வயதிலேயே அப்படி. இன்றைக்கும் மும்பை சேட்டு என்னிடம் விலை பேசும்போது வியர்க்கிறான் என்றால் சும்மாவா? அந்தக் காசைத் துணியில் முடிந்து தறிக்குழியின் மூலையில், அப்பா மிதிக்கிற பலகைக்குப் பின்னால், மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாங்கிக்கொள்வார்கள்.

பந்தியில் நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒரு மாதம் போயிருக்கும். நூல் கன்ட்ரோல் இறுகியிருந்த நேரம். தறிக்கு இவ்வளவு என்று கார்டில் குறித்து அளந்து கொடுத்தார்கள். கார்டு போனால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும். கார்டுக்கு வெளியே நூல் வேண்டுமென்றால் கள்ளத்தில் வாங்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியப்பா தன் மகள் கல்யாணச் சேலைக்காக, இருந்த நகையை விற்று, அப்படி இரட்டை மயில் கட்டு ஒன்று வாங்கி வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற வழக்கம் நம் தெருவில் கிடையாது. பிரித்ததை எவனும் திருப்பி எடுக்க மாட்டான். மார்க்கு கிழியாமல் இருக்கிறதா என்று பெருவிரலால் ஒரு தடவு, அவ்வளவுதான். மார்க்கு முழுசாக இருந்தால் உள்ளே இருப்பதும் முழுசு. மில்காரன் வாக்கு அது என்று நம்பினார்கள்.

அவர் கட்டு பிரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, வழக்கம்போல ஓடினேன்.

"பெரியப்பா, மார்க்கு எனக்குங்க!"

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நூல் இல்லை. முடிச்சு முடிச்சாக, தேங்காய் நார்க் கயிறு மாதிரி கழிவு. மேலுக்கு மட்டும் இரண்டு சுருள் நல்ல நூல். பெரியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா, எடுத்துக்க!" என்று காகிதத்தைச் சுருட்டி என்மேல் எறிந்தார். "என்ற பொழப்பையும் சேத்து எடுத்துக்க!"

வெளியே வந்து விரித்துப் பார்த்தேன். வெயில் பின்னாலிருந்து அடித்தது. இடது மயிலின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். என் ஊசி ஓட்டை.

என் மார்க்கைக் கழிவுக் கட்டின் மேல் ஒட்டி விற்றிருக்கிறார்கள். துரைசானியும் இல்லை, ஆல்பமும் இல்லை என்று அந்த நிமிஷமே புரிந்தது. பதினெட்டு மார்க்கு. பதினெட்டு கட்டு. இன்னும் எத்தனை பெரியப்பா எந்தெந்த ஊரில் இப்படித் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாரோ! அந்தக் காகிதத்தைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். நடக்கும்போதெல்லாம் தொடையில் உரசி மொரமொரவென்றது. தெரு முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் சேதி ஒவ்வொன்றாக வந்தது. எருமப்பட்டியில் ஒன்று, நம் பக்கத்து வேலூரில் இரண்டு. நூல் ஆபீசர் சைக்கிளில் வீடு வீடாக வருகிறார் என்றார்கள். மார்க்கு எந்த வீட்டிலிருந்து போனதோ அந்த வீட்டுக் கார்டு ரத்து, வீட்டுக்காரனுக்கு ஜெயில் என்றார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே சோறு பிசைந்தார். நான் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விலங்கு மாட்டினால் எந்த இடத்தில் நிற்கும் என்று அளந்துகொண்டிருந்தேன்.

சைக்கிள் மணி கேட்டால் எனக்கு மூத்திரம் வந்துவிடும். தபால்காரர் மணி, பால்காரர் மணி எதுவானாலும் சரி. டப்பாவில் மிச்சம் மூன்று மயில் இருந்தது. பாவாடைக்குள் இருந்ததோடு நான்கு. அடுப்பில் போடலாம் என்றால் அம்மா அங்கேயே இருந்தாள். கிணற்றில் போட்டால் மிதக்கும். தறி வீட்டு மூலையில் உட்கார்ந்து, நான்கையும் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினேன். பசையின் புளிப்பு, மையின் கசப்பு. பொன் மை பல்லில் ஒட்டியிருக்கும் என்று நாக்கால் துழாவித் துழாவிப் புண்ணாக்கிக்கொண்டேன். இரண்டு நாள் வயிறு பிடுங்கியது. செத்தால்கூட வயிற்றைக் கிழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதற்கும் பயந்தேன்.

அம்மா என்னை மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனாள். அவர் வேப்பிலை அடித்து, "புள்ளை பயந்திருக்குதுங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஏரிக்கரை முனியைப் பார்த்து என்று சேர்த்துச் சொன்னதுதான் தப்பு. கறுப்புக் கயிறு கட்டி, எட்டணா வாங்கிக்கொண்டார்.

கடைசியில் நம் தெருவுக்கும் ஆபீசர் வந்தார். காலை நேரம். பாவடியில் புளிய மர வரிசைக்கு நடுவே, தறியில் ஏற்றப்போகும் பாவு நூல் நீளமாக நீட்டியிருந்தது. கஞ்சி போட்டு, ஆட்கள் இரண்டு பக்கமும் தூரிகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதை அப்படியே நிறுத்தச் சொல்லி, தெருவையே கூட்டினார் பெரியதனக்காரர். தெருவில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆபீசர் பையிலிருந்து பதினொரு மார்க்கை எடுத்து, ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பதினொரு தடவை மயில் கண் மின்னியது. பதினொரு தடவை என் வயிற்றில் ஊசி இறங்கியது.

"பாருங்க. எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஓட்டை. இது கள்ளக் கும்பலோட ரகசிய அடையாளம்" என்றார். "போலிக் கட்டு எதுன்னு அவங்களுக்குள்ள தெரிஞ்சுக்க வெச்சது. இந்தத் தெருவுல கும்பலுக்கு ஆள் இருக்கு."

எல்லாரும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்கள். எவ்வளவு படித்தவர், எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்கிற தலையாட்டல். இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

பெரியதனக்காரர் அத்தையைக் கூப்பிட்டார்.

"ஊடு ஊடாக் காயிதம் பொறுக்கறது நீதானே?"

"நாந்தானுங்க. அடுப்பெரிக்கறதுக்கு."

"மார்க்கு?"

"அதை எரிக்க மனசு வருமுங்களா? என்ற அண்ணன் புள்ளகிட்டக் குடுத்துருவனுங்க."

"அப்பறம் இந்த ஓட்டை?"

அத்தை ஆபீசர் கையிலிருந்த மார்க்கைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இதுக்குத்தானுங்களா இத்தனை கூட்டம்? கும்பலுமில்லை கொள்ளையுமில்லைங்க. களவு போவாம இருக்கோணும்னு புள்ள ஊசியில குத்தி வெச்சது. எவனோ ஏமாத்தி வாங்கிட்டுப் போயிருக்கறான். அதுக்கு என்ன தெரியும்? மருமவளைக் கேளுங்க, டப்பாவுல மயிலு இன்னும் இருக்கும்."

உண்மையை முழுசாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. யாரோ சிரித்தார்கள். "பத்து வயசுப் பொண்ணு கள்ளச் சந்தை நடத்துச்சுன்னு எழுதிக்கட்டுமா அம்மா?" என்று ஆபீசர் கேட்டார். "புருசன் போனப்பவே புத்தியும் பட்டாளத்துக்குப் போயிருச்சு" என்றான் ஒருவன். "சின்னப் புள்ள தலைமேல போடறாளே, வெக்கங்கெட்டவ" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. டப்பாவை எடுத்துவந்து கொட்டினார்கள். யானை இருந்தது, ரயில் இருந்தது, கிருஷ்ணன் இருந்தான். மயில் ஒன்றுகூட இல்லை. இருந்த நான்கும் எங்கே போயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றப் படங்களின் கண்ணை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். தேடினது மயில், மயில் இல்லை, விட்டுவிட்டார்கள்.

அப்பா என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். என் இரண்டு தோளையும் பிடித்தார். கைப்பிடி வலித்தது.

"சாமி, நீ யாருக்கும் ஒண்ணும் விக்கலைதானே?"

"இல்லீங்கப்பா."

"பாவைத் தொட்டுச் சொல்லச் சொல்லு" என்றார் பெரியதனக்காரர்.

பாவைத் தொட்டுப் பொய் சொன்னால் தொட்ட விரல் மடங்காது என்பது நம் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என்னை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். கஞ்சி காயாத நூல். தொட்டதும் விரலில் ஒட்டியது, சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் அத்தை நின்றாள். அவள் முகத்தில் அப்போதும் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்தது. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாள் போல.

"நான் விக்கலைங்க" என்றேன்.

அத்தை கத்தவில்லை. "தொட்டுச் சொல்லிட்டயா அம்மிணி" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை, திட்டு மாதிரியும் இல்லை.

பொம்பிளையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் தெருவுக்கு அவமானம் என்று பெரியதனக்காரர் ஆபீசரிடம் கெஞ்சினார். தெருவே பார்த்துக்கொள்ளும் என்றார். எந்த வீட்டிலும் அவளுக்குத் தார் சுற்றக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. "என்ற ஊட்டுல இனி வேலை இல்லை" என்று முதலில் எழுந்து சொன்னது என் அப்பா. மறுநாள் அத்தை ராட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மல்லசமுத்திரம் சாலையில் தனியாக நடந்து போனாள். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். எனக்கு வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நிம்மதி ஒரு நாள்தான். விடிந்தால் விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். சில நாள் ஒரு விரல் லேசாக மரத்திருக்கும். யாரும் பார்க்காதபோது அந்த விரலைக் கடித்து, வலிக்கிறதா என்று சோதிப்பேன். ஒரு வாரம் கழித்து, காசைத் தொட்டாவது பார்க்கலாம் என்று தறிக்குழியில் இறங்கினேன். மூலை மண் புதுசாகச் சாணி பூசி மெழுகியிருந்தது. தோண்டினேன். காசு இல்லை.

பகல் முழுக்கக் குழிக்குள் காலை விட்டு மிதிக்கிறவருக்குப் பக்கத்து மண் இளகியிருப்பது தெரியாதா? அப்பா என்றைக்கு எடுத்தார் என்று தெரியாது. பாவடிக் கூட்டத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் என்னிடம் "வித்தியா?" என்று கேட்கவில்லை. "விக்கலைதானே?" என்று கேட்டார். அப்பா என்னை நம்பினார் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நானே பிள்ளை பெற்ற பிறகுதான், அந்தத் தோள்பிடி எதற்கு அவ்வளவு வலித்தது என்று புரிந்தது. அவருக்கும் பயம். கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு முப்பது வயதில் சொந்தத் தறி எட்டு. அத்தை குமாரபாளையத்தில் இருப்பதாகத் தெரிந்து, என் தறியில் நெய்த சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றோரம் ஒரு ஓலைச் சாளையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பல் பாதி போயிருந்தது.

"வா அம்மிணி. பெரிய ஆளாயிட்டயாமா."

"எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க அத்தை."

"நான் எங்க ஆசீர்வாதம் பண்ணுனேன்? நான் பாட்டுக்கு ராட்டை சுத்திக்கிட்டிருந்தேன்."

சிரித்தாள். அதே சிரிப்பு. எனக்குத்தான் அழுகை வந்தது. காலில் விழப்போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"தெருவுல சொல்லிட்டயா?"

"இன்னும் இல்லீங்க. அப்பா இருக்கறாரு... பேரு கெட்டுப்போயிரும்னு..."

"சரி. அப்பச் சேலையை எடுத்துட்டுப் போ. சொன்ன பொறகு கொண்டா, கட்டிக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்லை."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா போகட்டும் என்று இருந்தேன். போனார். மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. நெசவாளர் சங்கத் தேர்தலில் நின்றிருந்தேன், அது முடியட்டும் என்றேன். அதற்குள் அத்தை போய்விட்டாள் என்று குமாரபாளையத்திலிருந்து சேதி வந்தது. எடுக்கிற நேரத்துக்கு நான் போகவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் என் ஷெட்டிலேயே, நூல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்த ஒரு பெண்ணை, "என்னடி, மார்க்குத் திருடி மாதிரி?" என்று ஒரு பையன் கேலி பண்ணினான். அவனுக்கு இருபது வயது. மார்க்கு என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. "யாரைச் சொல்ற?" என்றேன். "சும்மா ஒரு பேச்சுங்கம்மா, எங்க தாத்தா சொல்லுவாரு" என்றான். அவன் தாத்தா உங்களில் ஒருவர். அத்தைக்கு நீங்கள் வைத்த பேர் அது.

அன்று பாவடியில் நின்றவர்களில் இன்று மிச்சம் நாம் எட்டுப் பேர். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அத்தை திருடவில்லை. அவள் அன்று சொன்னது அத்தனையும் நிஜம். மயிலின் கண்ணில் குத்தியது நான், தொப்பிக்காரருக்கு விற்றது நான், மிச்சத்தை விழுங்கியது நான், பாவைத் தொட்டுப் பொய் சொன்னது நான். ஏழு வீட்டுக்கும் ஏழு பிரதி எடுத்து ஆள் மூலம் அனுப்புகிறேன். படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனும் கேட்கட்டும்.

பதில் எழுத வேண்டாம். திட்ட வேண்டுமானால் நேரில் வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஷெட் கதவைத் திறப்பது இன்றும் நான்தான். நீங்கள் வருவதைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் திறந்துதான் வைத்திருப்பேன்.